காரில் கேம் கன்சோல்: ஸ்பீக்கரில் வரும் கொய்ங் சத்தத்துக்கு 300 ரூபாய் ஐசோலேட்டர் போதுமா?

விரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு டப்பா. ஒரு முனையில் 3.5 மி.மீ. பின், மறுமுனையில் அதே அளவு சாக்கெட். பேட்டரி கிடையாது, சுவிட்ச் கிடையாது, லைட்டும் எரியாது. கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்ற பெயரில் ஏறத்தாழ 200 முதல் 450 ரூபாய் வரை விற்கிற சாமான் இது. நின்டெண்டோ ஸ்விட்ச், ஸ்டீம் டெக் மாதிரி ஒரு கன்சோலை ஆக்ஸ் ஒயரில் காரின் மியூசிக் செட்டோடு இணைத்து, கூடவே சார்ஜரையும் சொருகியதும் ஸ்பீக்கரில் கிளம்புகிற சத்தத்துக்கு மருந்து என்று கடையில் இதைத்தான் நீட்டுவார்கள்.

மருந்து என்பது உண்மைதான், நோய் அதுவாக இருந்தால். வேறாக இருந்தால் காசு தண்டம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கண்டெய்னர் வரிசைக்கு நடுவே ஊர்ந்து போகிற வண்டியில் பின்சீட்டுப் பிள்ளைகள் விளையாட, முன்சீட்டில் இருப்பவர் காதைப் பொத்திக்கொள்ள வேண்டிய நிலை வந்தால், கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை சில உண்டு. அதிலிருந்தே தொடங்கலாம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது

கன்சோலுக்கும் கார் செட்டுக்கும் நடுவில் நெகட்டிவ், அதாவது எர்த், இரண்டு வழியாக இணைகிறது. ஒன்று, ஆக்ஸ் ஒயரின் வெளிச்சுற்றுக் கம்பி வழியாக. இன்னொன்று, சார்ஜர், லைட்டர் சாக்கெட், காரின் பாடி வழியாக. இரண்டு எர்த்தும் ஒரே மட்டத்தில் இருந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் பாடியில் ஏசி ஃபேன், ஹெட்லைட், எரிபொருள் பம்ப் என எல்லாவற்றின் கரண்டும் திரும்பி ஓடுகிறது. லைட்டர் சாக்கெட் இருக்கும் இடத்துக்கும் செட் எர்த் ஆகும் இடத்துக்கும் நடுவே சில மில்லிவோல்ட் வித்தியாசம் எப்போதும் இருக்கும். அந்த வித்தியாசம் ஆக்ஸ் ஒயரின் கம்பி வழியே ஓடப் பார்க்கிறது. இந்த இரட்டை இணைப்புச் சுற்றுதான் கிரவுண்ட் லூப். செட்டுக்கு அதுவும் பாட்டுதான். பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடுகிறது.

ஆக்சிலேட்டரை மிதித்தால் சுருதி ஏறுகிறதா? அது ஆல்டர்னேட்டர், மெக்கானிக் மொழியில் டைனமோ. கணக்கு இப்படி: இன்ஜின் ஐடிலில் 800 சுற்று, பெல்ட் விகிதம் இரண்டரை என்றால் ஆல்டர்னேட்டர் 2,000 சுற்று. உள்ளே ஆறு ஜோடி காந்த முனை இருந்தால் 200 ஹெர்ட்ஸ். மூன்று ஃபேஸை ஆறு டயோடு நேராக்குவதால் ஒரு சுழற்சிக்கு ஆறு துடிப்பு, ஆக 1,200 ஹெர்ட்ஸ். இன்ஜின் 2,500 சுற்றுக்கு ஏறினால் இதே சத்தம் 3,750 ஹெர்ட்ஸ். மனிதக் காதுக்குக் கூர்மை அதிகமுள்ள இடம் 2,000 முதல் 4,000 வரை. வண்டி வேகமெடுத்ததும் சத்தம் அதிகமானதுபோலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மிதித்தாலும் விட்டாலும் மாறாத ஒரே சீரான இரைச்சல் என்றால் அது சார்ஜரிலிருந்தோ, கார் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரிலிருந்தோ வருகிறது. கேமில் திரை மாறும்போதெல்லாம் "டிக் டிக், கிர்ர்" என்று கூடவே மாறினால், கன்சோல் இழுக்கும் கரண்ட் ஏறி இறங்குவது ஆக்ஸ் கம்பியில் தெரிகிறது என்று பொருள். இந்த மூன்றுக்கும் ஐசோலேட்டர் வேலை செய்யும், சத்தம் ஆக்ஸ் ஒயர் வழியாகத்தான் நுழைகிறது என்றால் மட்டும்.

ஐந்து நிமிடச் சோதனை

இன்ஜினை அணைத்து, சாவியை ஏசிசி நிலையில் (இன்ஜின் ஓடாமல் செட் மட்டும் ஓடும் நிலை) வைத்து, செட்டை ஆக்ஸுக்கு மாற்றுங்கள். கன்சோல் அதன் சொந்த பேட்டரியில் ஓடட்டும், சார்ஜர் வேண்டாம். இப்போதே இரைச்சல் இருந்தால் ஆக்ஸ் ஒயரோ செட்டின் ஜாக்கோ கெட்டிருக்கிறது. முதலில் ஒயரை மாற்றிப் பார்க்க வேண்டும். அமைதியாக இருந்தால் சார்ஜரைச் சொருகுங்கள். சத்தம் வந்தால் குறித்துக்கொண்டு இன்ஜினைக் கிளப்புங்கள், ஹெட்லைட்டையும் ஏசியையும் போடுங்கள், மெல்ல மிதித்துப் பாருங்கள்.

தீர்ப்பு சொல்லும் சோதனை இனிமேல்தான். சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சார்ஜரைப் பிடுங்குங்கள். நின்றுவிட்டால் லூப் உறுதி, ஐசோலேட்டர் வாங்கலாம். சார்ஜரைப் பிடுங்கியும் நிற்கவில்லை, ஆக்ஸ் பின்னைச் செட்டிலிருந்தே கழற்றினாலும் ஸ்பீக்கரில் கொய்ங் தொடர்கிறது, எஃப்எம் போட்டாலும் அதேதான் என்றால், கோளாறு செட்டின் எர்த்திலோ ஆல்டர்னேட்டரிலோ இருக்கிறது. அதற்கு எத்தனை ஐசோலேட்டர் மாட்டினாலும் ஒன்றும் ஆகாது. ஆக்ஸ் ஒயரின் ஒரு முனை செட்டில் இருக்க, மறுமுனையைக் கையால் தொட்டால் வரும் பெரிய "பொர்ர்" கணக்கில் சேராது. திறந்து கிடக்கும் இன்புட் எல்லாமே அப்படித்தான் கத்தும்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது

இரண்டு சின்ன ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. 600 ஓம், 1:1 என்று அட்டையில் போட்டிருக்கும். பாட்டு ஒரு வைண்டிங்கிலிருந்து (கம்பிச் சுருள்) மறு வைண்டிங்குக்குக் காந்தப் புலமாகத் தாவுகிறது. செம்புக்கும் செம்புக்கும் நேரடித் தொடர்பு இல்லை. லூப் அங்கே அறுந்துவிடுகிறது. அவ்வளவுதான் தொழில்நுட்பம். சரியான சாமான் மாட்டினால் சத்தம் குறைவதில்லை, ஒரேயடியாகக் காணாமல் போகிறது. கொஞ்சம் குறைந்தது, மீதி இருக்கிறது என்றால் பெரும்பாலும் வேறு ஏதோ வழியும் திறந்திருக்கிறது.

குறை எங்கே தெரியும் என்றால், பேஸில். விரல் அளவு டப்பாவுக்குள் அடங்கும் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக் கோர் சின்னது, இண்டக்டன்ஸும், அதாவது கரண்ட் மாறுவதை எதிர்க்கும் சுருளின் குணமும், குறைவு. கீழ் அதிர்வெண் எங்கே விழத் தொடங்கும் என்பது அந்த இண்டக்டன்ஸையும் அதற்குள் ஓட்டுகிற கருவியின் மின்தடையையும் பொறுத்தது. எடுத்துக்காட்டாக வைண்டிங் அரை ஹென்ரி, அதன் சொந்தத் தடை 60 ஓம், கன்சோலின் ஹெட்போன் ஜாக் 10 ஓம் என்று வைத்துக்கொண்டால் பேஸ் விழுவது 22 ஹெர்ட்ஸ் பக்கம். கார் கதவு ஸ்பீக்கர் அவ்வளவு கீழே போகவே போகாது, ஆக இழப்பு காதில் படாது. அதே டப்பாவை 1,000 ஓம் தடையுள்ள ஆர்சிஏ (சிவப்பு, வெள்ளை வட்டச் சாக்கெட்) வெளியீட்டில் மாட்டினால் விழும் இடம் 300 ஹெர்ட்ஸுக்கு மேலே ஏறிவிடும். சத்தம் தகரத்தில் தட்டியதுபோல மெலிந்துவிடும். "இது பேஸைத் தின்றுவிடுகிறது" என்று ஒருவரும், "ஒரு வித்தியாசமும் இல்லையே" என்று இன்னொருவரும் ஒரே சாமானைப் பற்றிச் சொல்வது இதனால்தான். இரண்டு பேர் சொல்வதும் சரி. ஸ்விட்ச், ஸ்டீம் டெக், பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) கன்ட்ரோலர் ஆகியவற்றின் ஹெட்போன் ஜாக்கிலிருந்து எடுப்பவர்களுக்குச் சின்ன டப்பாவே போதும். எச்டிஎம்ஐயிலிருந்து ஆடியோவைத் தனியே எடுக்கும் பிரிப்பானின் ஆர்சிஏவிலிருந்து எடுப்பவர்கள் பெரிய கோர் உள்ள ஆர்சிஏ வகையை வாங்க வேண்டும். கையில் எடுத்தால் கனமே வித்தியாசத்தைச் சொல்லிவிடும்.

சின்னக் கோரின் இரண்டாவது குறை, அளவுக்கு மேல் ஓட்டினால் கோர் நிரம்பிவிடும். குண்டு வெடிக்கும் காட்சியில் பேஸ் கரகரவென்று உடைந்தால் அதுதான். இங்கே ஒரு இழுபறி இருக்கிறது. கன்சோல் வால்யூமை ஏற்றி, செட் வால்யூமை இறக்கி வைத்தால் மிச்சமிருக்கும் இரைச்சல் அடங்கும், ஆனால் கோர் நிரம்பும் அபாயம் கூடும். கன்சோலை முக்கால் அளவில் நிறுத்தி, மீதியைச் செட்டில் கூட்டுவது நல்ல நடுவழி. முழுக்க ஏற்றி வைத்துவிட்டு "ஐசோலேட்டர் சத்தத்தைக் கெடுக்கிறது" என்று திட்டுவதில் நியாயமில்லை.

வாங்கும்போதே மீட்டர் வைத்துப் பாருங்கள்

உள்ளே எர்த்தை நேராகவே இணைத்துவிட்ட போலிகள் சந்தையில் உண்டு. வெளியில் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். மல்டிமீட்டர் ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். சாக்கெட் பக்கம் ஒரு சாதாரண ஆக்ஸ் ஒயரைச் சொருகுங்கள், உள்ளே ஊசி எட்டாது என்பதால். மீட்டரைப் பீப் நிலையில் வைத்து, ஐசோலேட்டர் பின்னின் அடிப்பகுதி உலோகத்தில் ஒரு ஊசி, ஆக்ஸ் ஒயரின் மறுமுனைப் பின்னின் அடிப்பகுதியில் இன்னொரு ஊசி. பீப் அடித்தால் அது ஐசோலேட்டரே இல்லை, வெறும் எக்ஸ்டென்ஷன் ஒயர். திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அடுத்து ஓம் நிலையில், ஒரே பின்னின் நுனிக்கும் அடிக்கும் நடுவே அளந்தால் வைண்டிங்கின் தடை தெரியும். பொதுவாகச் சில பத்து ஓமிலிருந்து நூற்றுச் சொச்சம் வரை. நுனி ஒரு சேனல், நடு வளையம் இன்னொரு சேனல். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒன்று திறந்திருந்தால் வைண்டிங் அறுந்திருக்கிறது.

மீட்டருக்குத் தெரியாத ஒரு குறையும் உண்டு. ஒரு சேனலின் வைண்டிங்கை மட்டும் தலைகீழாகப் பற்றவைத்திருப்பது. அப்படி இருந்தால் இரண்டு ஸ்பீக்கரும் எதிரெதிராகத் தள்ளும். பேச்சுக் குரல் நடுவில் நிற்காமல் எங்கோ பரவிக் கிடக்கும், பேஸ் காலியாக இருக்கும். பேலன்ஸை ஒரு பக்கம் முழுக்கத் தள்ளினால் பேஸ் திரும்பி வந்துவிடும். அதுதான் அடையாளம். இதை வண்டியில் மாட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். ஆகவே மாற்றித் தருவேன் என்று சொல்கிற கடையில் வாங்குவது நல்லது. பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரில் கன்சோல், கன்ட்ரோலர், சார்ஜர் எல்லாம் பேரம் பேசி எடுக்கலாம். ஆனால் இந்தச் சின்னச் சாமானுக்கு அங்கே உத்தரவாதம் எதிர்பார்க்கக் கூடாது. ரிச்சி தெரு வடசென்னைக்காரர்களுக்குத் தூரமில்லை. திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். பெரிய கோர் உள்ள ஆர்சிஏ வகை, எர்த் லக்கு (ஒயர் முனை வளையம்), மீட்டர், எல்லாம் அங்கே ஒரே சுற்றில் முடிந்துவிடும்.

மாட்டும் முறையில் சொல்ல அதிகமில்லை. ஐசோலேட்டர் செட்டின் பக்கம் இருக்கட்டும், அதிலிருந்து செட்டுக்குப் போகும் ஒயர் இரண்டு மூன்று அடிக்குள் அடங்கட்டும். இன்வெர்ட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் காந்தத்தை வாங்கிக்கொள்ளும், புதிதாக ஒரு ஹம் வரும். ஒரு அடி தள்ளி வைத்து, டப்பாவைக் கால் சுற்று திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் போய்விடும். தொங்க விடாமல் கேபிள் டையில் கட்டுங்கள். இவை சாவது எப்போதும் டப்பாவுக்கும் ஒயருக்கும் சேரும் இடத்தில், இழுபட்டு அறுந்துதான். வெயிலில் நிற்கும் வண்டியின் டேஷ்போர்டு மேல் வைத்தால் மலிவு ஒயரின் உறை பிசுபிசுக்கத் தொடங்கிவிடும்.

எந்தக் கன்சோலுக்கு எப்படி

ஸ்விட்ச்தான் காருக்கு மிகத் தோதானது. கையில் வைத்து விளையாடும்போது குறைவாகவே இழுக்கும். அதன் சொந்த அடாப்டர் 15 வோல்ட் 2.6 ஆம்பியர். யூஎஸ்பி-சி பிடி (பவர் டெலிவரி) உள்ள 30 வாட் கார் சார்ஜர் கையில் வைத்து விளையாட ஏராளம். டாக்கில் வைத்து டிவியில் காட்ட வேண்டும் என்றால் மட்டும் 15 வோல்ட்டில் 2.6 ஆம்பியர் தரும் சார்ஜர் தேவை. ஸ்டீம் டெக்குக்கு 45 வாட், 15 வோல்ட் 3 ஆம்பியர். சார்ஜர் வாங்கும்போது மொத்த வாட்டை மட்டும் பார்க்காமல் 15 வோல்ட் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் 9, 12, 20 மட்டும் இருக்கும். இந்த இரண்டு கன்சோலுக்கும் 3.5 மி.மீ. டப்பா ஐசோலேட்டர் அப்படியே பொருந்தும், குறை சொல்ல இடமில்லை.

செட்டின் சொந்த யூஎஸ்பியிலிருந்தே ஸ்விட்ச்சுக்குக் கரண்ட் எடுத்தால் லூப் சின்னதாகிவிடும், பல வண்டிகளில் ஐசோலேட்டரே தேவைப்படாது. ஆனால் அது பெரும்பாலும் 5 வோல்ட்டில் ஒன்று, ஒன்றரை ஆம்பியர்தான் தரும். பேட்டரி ஏறாது, இறங்குவதைத் தள்ளிப்போடும். பெரம்பூரிலிருந்து பாரிமுனை போய் வரும் தூரத்துக்கு அதுவே போதும்.

பெரிய கன்சோல்கள் வேறு உலகம். பிஎஸ்4 ஸ்லிம் விளையாடும்போது 80, 90 வாட் இழுக்கும், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் கொஞ்சம் குறைவு. சின்னத் திரைக்கு 10 வாட் சேர்த்து, இன்வெர்ட்டர் இழப்பையும் கூட்டினால் காரிலிருந்து 110 வாட் பக்கம், அதாவது எட்டு ஆம்பியர். லைட்டர் சாக்கெட்டில் 120 வாட் அல்லது 10 ஆம்பியர் என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கும். விளிம்பில் ஓடுகிறது. சாக்கெட் சூடேறும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளரும், தொடர்பு சரியில்லாமல் அதுவே புதிய சத்தம் தரும். நிரந்தரமாக வைக்கிறவர்கள் பேட்டரியிலிருந்தே 6 சதுர மி.மீ. ஒயர் இழுத்து, பேட்டரி முனையிலிருந்து அரை அடிக்குள் 20 ஆம்பியர் ஃப்யூஸ் போடுவதுதான் முறை. இன்ஜினை அணைத்துவிட்டு விளையாடினால் 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் மணிக்குக் கால் பங்கு போய்விடும். ரயில்வே கேட்டில் நிற்கும்போது பரவாயில்லை, சினிமா விட்டு வரும்வரை ஓட விடாதீர்கள். பிஎஸ்5? விளையாட்டில் 200 வாட்டைத் தொடும். காருக்கு வேண்டாம்.

பிஎஸ்4 ஸ்லிம், சீரிஸ் எஸ் இரண்டிலும் மின் ஒயர் இரண்டு முனைதான், எர்த் பின் கிடையாது. உள்ளே பவர் சப்ளையின் இரு பக்கத்தையும் ஒரு சின்னக் கெபாசிட்டர் இணைக்கிறது. இன்வெர்ட்டரின் கரடுமுரடான அலை அதன் வழியே கசிந்து, எச்டிஎம்ஐ உறைக்கு வந்து, ஆடியோ ஒயர் வழியே காரின் எர்த்துக்குப் போகிறது. படிக்கட்டுபோல அலை தரும் மாடிஃபைடு சைன் வகை இன்வெர்ட்டரில் இது பலமாகக் கேட்கும், சீரான அலை தரும் பியூர் சைனில் நன்றாகக் குறையும். இங்கே ஐசோலேட்டர் உதவும், ஆனால் முழுதாக அல்ல. வைண்டிங்குகளுக்கு நடுவே இருக்கும் சின்னக் கெபாசிட்டன்ஸ் வழியாக மேல் அதிர்வெண் கொஞ்சம் தாவிவிடும்.

ஆண்ட்ராய்டு செட்டின் மஞ்சள் ஆர்சிஏ வீடியோ இன்புட்டில், எச்டிஎம்ஐ-டு-ஏவி மாற்றி வைத்துக் கன்சோலை இணைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிவப்பு, வெள்ளையில் ஐசோலேட்டர் மாட்டிவிட்டு மஞ்சளை நேராகச் சொருகினால் எர்த் மஞ்சள் வழியே போய்விடும். சத்தம் அப்படியே இருக்கும், படத்தில் மெல்ல மேலேறும் பட்டையும் தெரியும். "ஐசோலேட்டர் வேலை செய்யவில்லை" என்ற புகார்களில் இது அடிக்கடி வருவது. மஞ்சளுக்குத் தனி வீடியோ ஐசோலேட்டர் போட வேண்டும். இல்லையென்றால் படத்தை எச்டிஎம்ஐ உள்ள ஹெட்ரெஸ்ட் திரைக்குக் கொடுத்துவிட்டு, செட்டுக்கு ஆடியோ மட்டும் அனுப்ப வேண்டும்.

பெரிய கன்சோலுக்கு எங்கள் முதல் பரிந்துரை ஐசோலேட்டர் அல்ல. ஆப்டிகல் வெளியீடு உள்ள எச்டிஎம்ஐ ஆடியோ பிரிப்பான் ஒன்று, ஆப்டிகலை அனலாக்காக மாற்றும் சின்ன டேக் ஒன்று. டேக்குக்குக் கரண்ட் செட்டின் யூஎஸ்பியிலிருந்து. ஒளி வழியே எர்த் போகாது. பேஸ் இழப்பும் இல்லை. செலவு கூடும், ஒயர் கூடும், ஆனால் கேள்விக்கே இடமில்லாமல் தீரும். பிரிப்பானில் ஆடியோ 2.0 என்ற சுவிட்ச் இருந்தால் அதில் வைக்க மறக்காதீர்கள். 5.1-இல் கிடந்தால் டேக் ஊமையாகிவிடும்.

ப்ளூடூத், பவர்பேங்க், மற்றவை

ஸ்விட்ச்சுக்கு 2021 செப்டம்பரில் வந்த 13.0.0 அப்டேட்டில் ப்ளூடூத் ஆடியோ சேர்ந்தது. ஒயரே இல்லை, லூப்பும் இல்லை. ஆனால் பட்டனை அழுத்திய பிறகு சத்தம் தாமதமாக வரும், ரேஸ், சண்டை கேம்களில் எரிச்சலூட்டும். ஒயர்லெஸ் கன்ட்ரோலரும் இரண்டுக்கு மேல் சேராது. சில கார் செட்டுகள் போனைத் தவிர வேறு எதையும் சேர்த்துக்கொள்வதில்லை. பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டிலும் ப்ளூடூத் ஹெட்போன் வசதியே கிடையாது. எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

பவர்பேங்க் நேர்மையான மாற்று. 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-அவர், இழப்பு போக 60 பக்கம். ஸ்விட்ச்சுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல், ஸ்டீம் டெக்கில் கனமான கேம் ஓடினால் இரண்டரை. ஆக்ஸ் ஒயரைத் தவிரக் கன்சோலுக்கும் காருக்கும் வேறு மின்தொடர்பு இல்லாததால் லூப் உருவாகாது, சத்தம் வராது. ஒரே நிபந்தனை, விளையாடும்போது பவர்பேங்கைக் காரில் சார்ஜ் போடக் கூடாது. போட்டால் பழைய கதைதான்.

ஒயரில் கவ்வும் ஃபெரைட் மணியை ஐசோலேட்டருக்குப் பதிலாக விற்பார்கள். அது மெகாஹெர்ட்ஸ் இரைச்சலுக்கானது. சார்ஜர் சொருகியதும் எஃப்எம் நிலையம் மறைகிறது என்றால் சார்ஜர் ஒயரில் மாட்டுங்கள், பலன் தெரியும். 1,200 ஹெர்ட்ஸ் கொய்ங்கை அது தொடவே தொடாது.

ஆக்ஸ் ஒயரின் ஒரு பக்க எர்த் கம்பியை வெட்டிவிடு என்று சொல்லும் எலக்ட்ரீசியன்கள் உண்டு. செய்யாதீர்கள். கம்பியை வெட்டினால் பாட்டின் திரும்பு பாதை சார்ஜரும் காரின் பாடியும் ஆகிவிடும். அங்கே இருக்கும் மொத்த வித்தியாசமும் பாட்டோடு சேர்ந்து செட்டுக்குள் போகும். சார்ஜரைப் பிடுங்கினால் எர்த்தே இல்லாமல் ஸ்பீக்கர் அலறும்.

கடற்காற்றும் எர்த் போல்ட்டும்

இது ஐசோலேட்டர் மதிப்புரைதான், ஆனாலும் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வெட்டவெளியில் நிற்கும் வண்டிகளுக்கு இதைச் சொல்லாமல் விட முடியாது. உப்புக் காற்றில் பாடி எர்த் போல்ட்டுக்கு அடியில் துருவும் வெள்ளைப் பொடியும் சேரும். வெளியே பார்த்தால் இறுக்கமாகத்தான் இருக்கும். எர்த் மட்ட வித்தியாசம் சில மில்லிவோல்ட்டாக இருக்க வேண்டியது நூறைத் தாண்டும். ஐசோலேட்டர் கன்சோல் சத்தத்தை மறைத்துவிடும், ஆனால் ஹெட்லைட் மங்கல், ஸ்டார்ட் சோம்பல் எல்லாம் அடியில் வளர்ந்துகொண்டிருக்கும்.

மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு ஊசியை மூன்று மீட்டர் ஒயரால் நீட்டி பேட்டரி நெகட்டிவ் முனையிலும், மற்றதைச் செட்டின் உலோக உறையிலும் வையுங்கள். இன்ஜின், ஏசி, ஹெட்லைட் எல்லாம் ஓடட்டும். 50 மில்லிவோல்ட்டுக்குள் என்றால் நல்லது. 100-ஐத் தாண்டினால் போல்ட்டைக் கழற்றி, எமெரித் தாளில் உலோகம் பளிச்சிடும் வரை தேய்த்து, பல்லுள்ள வாஷர் போட்டு இறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். இறுக்கிய பிறகுதான் தடவ வேண்டும். வெளிச்செட் மாட்டிய வண்டி என்றால் செட்டின் கறுப்பு ஒயரை டேஷ்போர்டு பிராக்கெட்டில் விட்டிருப்பார்கள். 4 சதுர மி.மீ. ஒயரில் பாடிக்கு நேராக இழுத்தால் போதும்.

எஃப்எம்மிலும் கொய்ங் வருகிறவர்கள் பேட்டரி முனைகளில் ஏசி வோல்ட் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் ஆல்டர்னேட்டர் டயோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். மலிவு மீட்டர்கள் ஏசி நிலையில் டிசியையும் சேர்த்துக் காட்டி 28, 30 என்று பயமுறுத்தும். ஊசிகளை மாற்றி வைத்தால் பூஜ்யம் காட்டினால் அந்த மீட்டரை இந்தச் சோதனைக்கு நம்ப வேண்டாம்.

துறைமுகத்துக்கு ஓடும் டிரெய்லர்களில் இதே சாமானை வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐசோலேட்டருக்கு 12, 24 என்ற பேதம் இல்லை, அப்படியே மாட்டலாம். யூஎஸ்பி சார்ஜரில் 12-24 வோல்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலானவற்றில் இருக்கும். காரில் ஓடிய 12 வோல்ட் இன்வெர்ட்டரை மட்டும் லாரியில் சொருகிவிடாதீர்கள். இன்ஜின் ஓடும்போது அங்கே 28 வோல்ட் வரை வரும்.